அக்கா வாத்தியாராக இருந்த வருடம்

நம் வயதுக்காரர்களுக்கு இப்போது ஒரு புது வேலை வந்திருக்கிறது. பேரப்பிள்ளைகளை எங்கே, எப்படிப் படிக்க வைப்பது என்று பிள்ளைகள் கூடிப் பேசும்போது நம்மையும் பக்கத்தில் உட்கார வைத்து அபிப்பிராயம் கேட்கிறார்கள். போன மாதம் என் மகள் கைப்பேசியை என் முன்னால் நீட்டினாள். அவளுடைய சின்னவனுக்கு மூச்சிரைப்பு. ஓராண்டாவது வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கலாம் என்று அவளும் மாப்பிள்ளையும் முடிவு செய்திருக்கிறார்கள். கணினியில் நடக்கும் வகுப்பு, வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுக்கும் ஆசிரியை, புத்தகங்களை வாங்கி வைத்துக்கொண்டு தாயே நடத்துவது என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே நல்லது கெட்டது என்று கட்டம் போட்டிருந்தாள். எது சரி என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

உங்களில் சிலருக்கும் இப்படி ஒரு வருடம் இருந்திருக்கும். நோயிலோ, வேறு ஏதோ காரணத்திலோ, மற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக நீங்கள் மட்டும் வீட்டில் கிடந்த வருடம். எனக்கு அது ஒன்பதாவது வயதில் வந்தது. கைப்பேசி இல்லை, கட்டம் இல்லை. ஆனாலும் என் அப்பாவும் அம்மாவும் அன்றைக்கு என் மகளைப் போலத்தான் ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

அந்த வருடத் தொடக்கத்தில் எனக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து போயின. பிறகு முழங்கால் வீங்கியது. அது இறங்கியதும் மணிக்கட்டு வீங்கியது. மலைமேல் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து டிரசர், அதாவது மருந்தகத்தில் மருந்து கொடுக்கிறவர், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு லோரியில் ஏற்றித் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மூன்று வாரம் அங்கே கிடந்தேன். இதயத்தில் ஒரு கதவு சரியாக மூடவில்லை என்று டாக்டர் சொன்னதாக அப்பா வீட்டில் வந்து சொன்னார். எனக்கு அதைக் கேட்டுப் பயமே வரவில்லை. தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்கள் வீட்டுக் கதவும் மூடாது. மழைக்காலத்தில் பலகை ஊதிவிடும். அம்மா தோளால் இடித்துத்தான் மூடுவாள். என் நெஞ்சிலும் அப்படி ஒன்று இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மேடு ஏறக்கூடாது, ஓடக்கூடாது, நாள் முழுக்க உட்காரக்கூடாது, அவ்வப்போது படுக்க வேண்டும், மாதம் ஒரு ஊசி. இதுதான் உத்தரவு. எங்கள் பள்ளிக்கூடமோ லயத்துக்கு மேலே, மண்ணை வெட்டிப் போட்ட படிகளில் ஏறிப் போக வேண்டிய இடத்தில் இருந்தது. ஒரே கூரை, ஒரே வாத்தியார். அப்பா அவரிடம் போய், நான் தூக்கிக்கொண்டு வந்து விட்டால் ஓர் ஓரமாகப் படுக்க வைத்துப் பாடம் சொல்ல முடியுமா என்று கேட்டார். பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று வாத்தியார் தயங்கினார். ஒரு வருடம் போனால் போகட்டும், பெண் பிள்ளைதானே என்றார். அந்த வார்த்தை அப்பாவுக்குச் சுட்டுவிட்டது. அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. சம்பள நாளில் கட்டைவிரலை மையில் அழுத்திவிட்டு, அதைக் கால்சட்டையில் தேய்த்துத் தேய்த்து அழிப்பார். அவருக்கு ஒரு வருடம் என்பது சும்மா போகிற விஷயமில்லை.

முதலில் கிடைத்த வழி கிராணியம்மா. தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியின் மனைவி. ஈப்போவில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவர். பிள்ளைகள் இல்லை. என்னைப் பற்றிக் கேள்விப்பட்டு, பகலில் கொண்டுவந்து விடுங்கள், நான் சொல்லித் தருகிறேன் என்று ஆள் விட்டுச் சொன்னார். கிராணி வீடு தேயிலை ஆலைக்குப் போகும் வழியில் இருந்தது. அப்பா இலை வாட்டும் மாடியில் வேலை செய்தார். காலையில் என்னைக் கம்பளியில் சுற்றி முதுகில் சுமந்துகொண்டு இறங்குவார். பனி கண்ணை மறைக்கும். அப்பாவின் காக்கிச் சட்டையில் வாடிய இலையின் வாசமும் இயந்திர எண்ணெயின் வாசமும் கலந்து வரும். நான் அவர் காதைப் பிடித்துக்கொள்வேன். காது ஐஸ் மாதிரி இருக்கும். கிராணி வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டுக் கால் துடைக்கும் சாக்கைத் தாண்டாமல் நின்று, "அம்மா, கொண்டாந்துட்டேன்," என்பார். உள்ளே வரச் சொன்னாலும் வரமாட்டார்.

கிராணியம்மா எனக்காக ஒரு சின்ன நாற்காலிக்கு மெத்தை தைத்து வைத்திருந்தார். ஊதா நிறத் துணி. அடுப்படியில் விறகு ஓவனில் ரொட்டி வேகும். இங்கிலீஷில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். எனக்கு நாக்கு புரளாது. அவர் கோபிக்க மாட்டார். பதில் வரும்வரை காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு எனக்கு அடியைவிடக் கஷ்டமாக இருந்தது. மூன்றாவது வாரம் அவர் வீட்டுத் தோட்டத்துப் பட்டாணியை முறத்தில் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். ஒவ்வொரு தோலிலும் எத்தனை மணி, நான்கு தோலில் எத்தனை, அதை மூன்று பேருக்குப் பிரித்தால் மிச்சம் எத்தனை என்று இங்கிலீஷில் கேட்டுக்கொண்டே போனார். முதன்முறையாக நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். அவர் சிரித்தார்.

அன்றைக்குப் பார்த்து அம்மா தான் பறித்த தேயிலைக் கொழுந்தை மதிய நிறுவைக்குக் கொட்டிவிட்டு என்னைப் பார்க்க வந்தாள். வாசலில் நின்றபடி அவள் கண்டது இதைத்தான்: காய்ச்சலில் கிடந்த பிள்ளை முறத்தை மடியில் வைத்துப் பட்டாணி உரிக்கிறது, கிராணியம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அம்மா செருப்பில்லாத காலோடு உள்ளே வந்து முறத்தைத் தூக்கிக் கீழே வைத்தாள். "எம்புள்ள ஒங்க வூட்டு வேலைக்கு வரலம்மா," என்றாள். சத்தம் போடவில்லை. கிராணியம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்கலாம், இது கணக்குப் பாடம் என்று. சொல்லவில்லை. அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. ஊதா மெத்தை என்ன ஆனது என்று தெரியாது. அதற்குப் பிறகு கிராணியம்மா எங்கள் லயத்துப் பக்கம் வந்ததேயில்லை.

அடுத்தது தபால் பாடம். தபாலில் இங்கிலீஷ் சொல்லித் தருகிறார்கள் என்று ஆலையில் யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். பழுப்பு உறை வந்தது. வீட்டில் எல்லாரும் கைகழுவிவிட்டு வந்து சுற்றி உட்கார்ந்தோம். பிரித்தால், அது ஆபீசில் வேலை செய்கிறவர்களுக்கான பாடம். மேலதிகாரிக்கு விடுப்புக் கடிதம் எழுதுவது எப்படி, வராத சரக்குக்கு நினைவூட்டுவது எப்படி. அப்பா ஒவ்வொரு தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எழுத்து நல்லாத்தான் இருக்கு என்றார். நான் சிரித்தேன். அக்கா மட்டும் தாள்களை வாங்கி வரிசைப்படுத்தி, காலி பிஸ்கட் டின்னில் போட்டு மூடினாள். பிறகு வந்த உறைகளையும் அவள்தான் பிரித்தாள்.

அக்காவைப் பற்றி இவ்வளவு நேரம் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த வீட்டிலும் அப்படித்தான், அவள் இருப்பது தெரியாது. என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஆறாம் வகுப்பு. அந்த வருடக் கடைசியில் ஒரு பரிட்சை. அதில் தேறினால் தானா ராத்தாவில் பெரிய பள்ளிக்கூடம் போகலாம். எங்கள் தோட்டத்திலிருந்து அதுவரை ஒரு பெண் பிள்ளையும் போனதில்லை. அக்கா போவாள் என்று வாத்தியாரே சொல்லியிருந்தார்.

பகலில் அம்மா கொழுந்துக்கும் அப்பா ஆலைக்கும் போய்விட்டால் நான் தனியே கிடப்பேன். ஒரு நாள் தண்ணீர் குடிக்க எழுந்து வாசற்படியில் மயங்கி விழுந்துவிட்டேன். பக்கத்து வீட்டார் தூக்கிக் கிடத்தியிருந்தார்கள். அன்று மாலை அப்பாவும் அம்மாவும் அடுப்படியில் உட்கார்ந்து பேசினார்கள். கிராணி வீடு வேண்டாம், தபால் ஒன்றும் விளங்கவில்லை, வாத்தியார் கீழே இறங்கி வரமாட்டார். மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதில் எல்லாமே நன்மையாக இருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளும் ஆச்சு, பாடம் சொல்லிக்கொடுக்க ஆளும் ஆச்சு. அப்பா அக்காவைக் கூப்பிட்டார்.

"ஒரு தவணை நின்னுக்க. தங்கச்சி எழுந்திரிச்சதும் நீ போய்க்கலாம். ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே," என்றார்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். நாங்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

மறுநாளே அக்கா பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டாள். அடுப்புக்கரியை இடித்துச் சாதக் கஞ்சியில் குழைத்துச் சுவரில் இரண்டு பலகைகளுக்குப் பூசினாள். காய்ந்ததும் நல்ல கறுப்பாக இருந்தது. வாத்தியாரிடம் போய்த் துண்டுச் சாக்பீஸ்களை வாங்கி வந்தாள். தட்டில் கரண்டியால் மூன்று முறை தட்டினால் வகுப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு பழைய நோட்டில் வருகைப் பதிவேடு. அதில் ஒரே பெயர். தினமும் என் பெயரைக் கூப்பிடுவாள். நான் படுத்தபடியே "இருக்கிறேன் டீச்சர்" என்று சொல்ல வேண்டும். அக்கா என்று கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி இருப்பாள்.

நான் பிறகு எத்தனையோ ஆசிரியர்களிடம் படித்தேன். அவளைப் போல் ஒருவரையும் பார்க்கவில்லை. பெருக்கல் வாய்ப்பாட்டை அவள் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு எதிர்ச் சரிவில் தேயிலை நிரைகளை எண்ணச் சொன்னாள். பனி மூடினால் தெரியாத நிரைகளைக் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். பனி விலகியதும் சரிபார்ப்போம். ஆறு எப்படிப் பாய்கிறது என்று காட்ட வாசலில் மழைநீர் ஓடும் வாய்க்காலுக்குக் குறுக்கே மண் போட்டு அணை கட்டினாள். மதியம் சூடான கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டு இருவரும் குடித்துவிட்டு ஒரே கம்பளிக்குள் படுத்துக்கொள்வோம். நான் தூங்கியதும் அவள் பிஸ்கட் டின்னைத் திறப்பாள். கண்ணை இடுக்கிப் பார்த்திருக்கிறேன். வராத சரக்குக்கு நினைவூட்டும் கடிதத்தை உதடு அசைய அசையப் படித்துக்கொண்டிருப்பாள். தெரியாத சொல்லுக்குக் கீழே கோடு போடுவாள். யாரிடம் கேட்பாள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

அதற்கு முன் அக்கா என்றால் எனக்குத் தலை வாரிவிடும் கை மட்டும்தான். அந்த மாதங்களில்தான் அவள் முழு ஆளாக எனக்குக் கிடைத்தாள். பள்ளிக்கூடத்தில் நான் கடைசி வரிசைப் பிள்ளை. இங்கே நான்தான் முதல் மார்க்.

இனி சொல்லப்போவதை நான் அறுபது வருடம் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு தவணை இரண்டு தவணை ஆனது. எனக்கு வீக்கம் எல்லாம் வடிந்துவிட்டது. பரிட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஒரு நாள் டிரசர் வீட்டுக்கு வந்தார். அப்பா அன்று வேலைக்குப் போகாமல் நின்றிருந்தார். டிரசர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், பரவாயில்லை என்றார். முழங்காலை மடக்கி நீட்டினார். வலிக்கிறதா என்று கேட்டார்.

வலிக்கவில்லை. கொஞ்சமும் இல்லை. இல்லை என்று சொன்னால் மறுவாரம் நான் படியேறிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார வேண்டும். அக்காவும் அவள் வகுப்புக்குப் போய்விடுவாள். கரண்டிச் சத்தம் நின்றுவிடும்.

"வலிக்குது," என்றேன்.

டிரசர் மறுபடி அழுத்தினார். நான் முகத்தைச் சுளித்தேன். அப்படியானால் இன்னும் இரண்டு மாதம் இருக்கட்டும், அவசரம் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அக்கா அடுப்படியில் இருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

அந்தப் பரிட்சை அவள் இல்லாமலே நடந்தது. அன்று காலையும் அவள் மூன்று முறை தட்டில் தட்டி, பெயர் கூப்பிட்டு, எனக்குப் பின்னக் கணக்கு நடத்தினாள். அடுத்த வாரம் வாத்தியார் படியிறங்கி எங்கள் லயத்துக்கு வந்தார். என்னவோ அவருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. மிச்சமிருந்த வினாத்தாளைக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்து, சும்மா எழுதிப் பார் என்றார். அக்கா தரையில் பலகையைப் போட்டு உட்கார்ந்தாள். கடிகாரத்தை என் கையில் கொடுத்து, நேரம் ஆனதும் சொல்லச் சொன்னாள். அப்படி ஓர் ஆள் எழுதி நான் பார்த்ததில்லை. அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

வாத்தியார் திருத்திக் கொண்டுவந்தார். வாசலில் நின்று அப்பாவிடம், இந்தப் பிள்ளை எழுதியிருந்தால் கட்டாயம் தேறியிருக்கும் என்றார். இந்த வருடம் பெயர் கொடுக்கவில்லை, அடுத்த வருடம் வயது தாண்டிவிடும் என்றும் சொன்னார். அப்பா அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கினார். சிவப்பு மையைத் தடவிப் பார்த்தார். பெருமையில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தாளைக் கொண்டுபோய் லயத்தில் வீடு வீடாகக் காட்டினார்.

"பாத்தீங்களா லா, நா சரியான ஆளுகிட்டத்தான் சின்னவள வுட்டுருக்கேன்," என்று சொன்னார்.

அப்பா கெட்டவரில்லை. அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லத் தோன்றுகிறது. என்னை ஒரு நாளும் படிப்பில் பின்தங்க விடக்கூடாது என்று நினைத்த மனிதர் அவர். கையில் இரண்டு பிள்ளைகள் இருக்கும்போது, விழுந்து கிடக்கிற பிள்ளைதான் கண்ணுக்குத் தெரிகிறது. நிற்கிற பிள்ளை நின்றுகொண்டே இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

புது வருடத்தில் நான் ஒரு வகுப்பும் இழக்காமல் நான்காம் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். வாத்தியார் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அதே வாரம் அக்கா அம்மாவோடு கூடையைக் கட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போனாள். அவள் உயரத்துக்குக் கூடை முழங்காலில் இடித்தது. பிஸ்கட் டின் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் படித்தேன், பெரிய பள்ளிக்கூடம் போனேன், தானா ராத்தாவில் அரசாங்க ஆபீசில் தட்டச்சு வேலையில் சேர்ந்தேன். அக்கா கோலா தெர்லாவில் காய்கறி போடுகிறவருக்கு வாழ்க்கைப்பட்டாள். மூன்று பிள்ளைகள். மூவருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தது அவள்தான். நல்லது கெட்டதுக்குப் போய் வருவோம், சிரித்துப் பேசுவோம். அந்த "வலிக்குது" மட்டும் எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். அதாவது, அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

மகளுக்குப் பதில் சொல்வதற்கு முன் ஒரு நாள் கோலா தெர்லாவுக்குப் போனேன். அக்கா கொட்டகையில் உட்கார்ந்து லோரிக்குப் போகவேண்டிய செலரிக் கட்டுகளின் வேர் மண்ணை உதறிக்கொண்டிருந்தாள். எழுபது தாண்டியும் சும்மா இருக்க மாட்டாள். நான் எதிரே ஒரு கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். பேரனைப் பற்றிச் சொன்னேன். மகள் போட்ட கட்டங்களைப் பற்றிச் சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்தவள் எப்படியோ டிரசர் வந்த நாளைச் சொல்லிவிட்டேன். "எனக்கு அன்னிக்கு வலிக்கவே இல்லக்கா. பொய் சொல்லிட்டேன். நா உண்மைய சொல்லியிருந்தா நீ பரிட்சை எழுதியிருப்ப."

அக்கா கையிலிருந்த கட்டைத் தட்டி மண்ணை உதிர்த்தாள். கூடையில் வைத்தாள்.

"தெரியும்," என்றாள். "நா தண்ணி எடுக்கப் போறப்ப நீ கட்டில்லேருந்து குதிச்சு குதிச்சு வெளாடுவ. ஜன்னல் வழியா பாத்திருக்கேன்."

ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். ஏதோ ஒன்பது வயதுப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் அவள் என்னைப் பார்த்தாள்.

"டிரசர் வர்றதுக்கு மொத வாரமே அம்மா கங்காணிகிட்ட எம்பேர வேலைக்கு குடுத்துட்டாங்க. காலைல ஆளு பேரு கூப்புடுற எடத்துல வெச்சு அம்மா சொன்னத நா கேட்டேன். சின்னவ எழுந்திரிச்சதும் பெரியவள கூட்டியாந்துடறேன்னு. நீ ஸ்கூலுக்குப் போற அன்னிக்கு நா கொழுந்து பறிக்க காட்டுக்குப் போவணும். அப்பாவுக்கும் தெரியும்."

கொட்டகைக்கு வெளியே லோரி பின்னால் வந்து நின்றது. அக்கா இன்னொரு கட்டை எடுத்தாள். அதை உதறாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒன்னைய டிரசர் பாத்துக்கிட்டு இருக்கறப்ப நா அடுப்படில நின்னு சாமி கும்புட்டுக்கிட்டு இருந்தேன்," என்றாள். "வலிக்குதுன்னு நீ சொல்லணும்னு."